கப்பலிலே போனோம், போனுக்குத் தண்டம் அழவில்லை!

கப்பல் பிரயாணம் என்றால் ஒரு காலத்தில் நமக்கெல்லாம் சினிமாவில் பார்ப்பதோடு சரி. இப்போது அப்படியில்லை. 2022-ஆம் வருஷம் நம் சென்னைத் துறைமுகத்திலிருந்தே உல்லாசக் கப்பல் புறப்பட்டது. பிள்ளைகள் சிங்கப்பூரிலோ துபாயிலோ வேலை பார்க்கிறார்கள். ‘அம்மா, வாங்க, நாலு நாள் கப்பல்ல போயிட்டு வரலாம்’ என்று டிக்கெட்டை எடுத்து வைத்துவிட்டுத்தான் நமக்கே சொல்கிறார்கள். இதைப் படிக்கும் சகோதரிகளில் எத்தனையோ பேருக்கு அந்த யோகம் இன்றில்லாவிட்டால் நாளை வரும். அப்போது உதவும் என்றுதான் எங்கள் அனுபவத்தை எழுதுகிறேன்.

2024-இல் என் மகன், சிங்கப்பூரிலிருந்து பினாங்கு, புக்கெட் போய்த் திரும்பும் நான்கு இரவுக் கப்பலில் எங்கள் இருவருக்கும் சேர்த்து இடம் பதிவு செய்திருந்தான். என் கணவர் ரிடையர் ஆனதற்கு அவனுடைய பரிசாம் அது. திருச்சியிலிருந்து சிங்கப்பூருக்கு நேராக விமானம் இருக்கிறது. அதனால் போய்ச் சேருவது பற்றிக் கவலையில்லை. என் கவலையெல்லாம் என் அம்மாவைப் பற்றித்தான்.

அம்மாவுக்கு எழுபத்தெட்டு வயது. என்னோடுதான் இருக்கிறாள். இருபது வருஷமாகச் சர்க்கரை. காலையும் இரவும் இன்சுலின் ஊசி. நாங்கள் ஊரில் இல்லாத பன்னிரண்டு நாளும் கும்பகோணத்தில் தம்பி வீட்டில் இருப்பதாக ஏற்பாடு. தம்பி மனைவி கெட்டிக்காரி, பொறுமைசாலி. அவளை நம்பி யாரை வேண்டுமானாலும் விடலாம். ஆனால் அம்மா இருக்கிறாளே, அவளிடம் பட்டன் போன் ஒன்று உண்டு. அதில் ஒன்றாம் நம்பரை அழுத்தினால் எனக்கு வரும். நான் காய்கறி வாங்கக் கடைக்குப் போனாலே மூன்று தரம் அழுத்துவாள். நடுக்கடலில் இருக்கும்போது அழுத்தினால்?

“கடலுக்குள்ள டவர் ஏதும்மா? போனே வராது. நிம்மதியா இரு” என்றார் என் கணவர்.

“வரும்ப்பா. அதுதான் ஆபத்து” என்றான் மகன். வீடியோவில் அரை மணி நேரம் உட்காரவைத்து அவன் சொன்னதைத்தான் நான் ஒரு பழைய டைரியில் எழுதி வைத்துக்கொண்டேன்.

கரையில் நிற்கும் டவர் கடலுக்குள் கொஞ்ச தூரம்தான் எட்டும். அதற்கப்பால் நம் போனுக்கு உயிரில்லை என்றுதானே நினைப்போம்? ஆனால் உல்லாசக் கப்பல்களில் கப்பலுக்குள்ளேயே சின்னச் சின்ன டவர்கள் வைத்திருக்கிறார்கள். நம் போன் பேசுவதை அவை வாங்கி, கப்பலின் உச்சியில் இருக்கும் ஆன்டெனா வழியாக ஆகாயத்தில் இருக்கும் செயற்கைக்கோளுக்கு அனுப்பி, அங்கிருந்து தரைக்கு வந்து, அப்புறம்தான் கும்பகோணத்துக்குப் போகும். இத்தனை சுற்றுக்கும் காசு கொடுப்பது நாம்தான். ஒரு நிமிஷப் பேச்சுக்கே நூற்றுக்கணக்கில் ரூபாய் போய்விடக்கூடும். அந்தக் கப்பல் டவருக்கு நம் சிங்கப்பூர் பேக், மலேசியா பேக் எதுவும் செல்லாது. அது எந்த நாட்டிலும் சேர்த்தி இல்லை. கடல் ஒரு தனி நாடு என்று வைத்துக்கொள்ளுங்களேன்!

துறைமுகத்தில் நிற்கும்போது கப்பலின் டவரைப் பெரும்பாலும் அணைத்து வைப்பார்கள். 1982-ஆம் வருஷத்து ஐ.நா. கடற்சட்ட உடன்பாட்டின்படி ஒரு நாட்டின் கடல் எல்லை கரையிலிருந்து 12 கடல் மைல், அதாவது சுமார் 22 கிலோமீட்டர் வரை போகலாம். கப்பல் கரையை விட்டு அந்தக் கணக்குக்கு விலகியதும் டவரைப் போட்டுவிடுவார்கள். நம் போன் பாவம், அதற்கு என்ன தெரியும்? எந்த டவர் கிடைக்கிறதோ அதைத் தொற்றிக்கொள்ளும். போனின் மேல்மூலையில் நம் கம்பெனி பெயருக்குப் பதிலாக ‘செல்லுலார் அட் சீ’ என்றோ, 901 என்று ஆரம்பிக்கிற ஒரு எண்ணோ தெரிந்தால், கப்பல் டவரைப் பிடித்துவிட்டது என்று அர்த்தம்.

கப்பலிலிருந்து வீட்டுக்குச் சேதி சொல்வது என்றைக்குமே பணக்காரச் சமாசாரம்தானாம். 1912-இல் மூழ்கிப்போன டைட்டானிக் கப்பலில் பிரயாணிகள் கம்பியில்லாத் தந்தி அனுப்ப முடிந்தது. முதல் பத்து வார்த்தைக்கு 12 ஷில்லிங் 6 பென்ஸ், அப்புறம் வார்த்தைக்கு 9 பென்ஸ். அன்றைக்கு அது சாமானியர் கொடுக்கக்கூடிய காசில்லை. ஆனால் ஒன்று. அந்தக் காலத்தில் கட்டணத்தைச் சொல்லிவிட்டுத்தான் தந்தி வாங்குவார்கள். இன்றைக்கு நம் கைப்பைக்குள் தூங்கும் போன், நம்மைக் கேட்காமலே தந்தி அடித்துக்கொண்டே இருக்கிறது!

இது கதை இல்லை. கப்பலில் சாப்பாட்டு மேஜையில் எங்களோடு உட்கார்ந்த ஒரு தெலுங்குக்காரத் தம்பதி ஹைதராபாத்திலிருந்து வந்திருந்தார்கள். அந்த அம்மாள் நல்ல சிரித்த முகம். இரண்டாம் நாள் இரவு சாப்பிட வரும்போது முகம் வாடியிருந்தது. என்னவென்று கேட்டேன். போஸ்ட்பெய்டு போனாம். சிங்கப்பூர், மலேசியா, தாய்லாந்து மூன்றுக்கும் பேக் போட்டிருக்கிறார்கள். ‘எல்லா நாட்டுக்கும் போட்டாயிற்றே’ என்று போனைச் சாதாரணமாகக் கைப்பையில் வைத்திருந்தார்கள். முதல் நாள் ராத்திரி கப்பல் கடலுக்குள் போனதும் போன் கப்பல் டவரைப் பிடித்து, பகலில் எடுத்த படங்களையும் வீடியோவையும் தானாகவே மேலே ஏற்றிக்கொண்டிருந்திருக்கிறது. மறுநாள் பினாங்கில் இறங்கியதும் கம்பெனியிலிருந்து சேதி. பில் எல்லையைத் தாண்டிவிட்டது என்று.

“நான் ஒரு கால்கூடப் பண்ணலையே, அக்கா. யாருக்கும் பேசலையே!” என்று அந்த அம்மாள் என் கையைப் பிடித்துக்கொண்டு சொன்னாள். தொகையைச் சொன்னபோது எனக்கே வயிற்றைக் கலக்கியது. அவர்களுடைய டிக்கெட் பணத்தில் ஒரு நல்ல பங்கு அது. கணவர் ஒன்றும் திட்டவில்லை. ஆனால் அந்த அம்மாள் அப்புறம் ஒரு படம்கூட எடுக்கவில்லை. ஆசையாக வந்த இடத்தில் மனசு விட்டுப்போய்விட்டது. பணத்தைவிட அதுதான் எனக்குப் பாவமாக இருந்தது.

சரி, நாங்கள் என்ன செய்தோம் என்று சொல்கிறேன்.

கப்பல் ஏறும் முன்பே, சிங்கப்பூர் மரீனா பே துறைமுகக் கட்டடத்தில் வரிசையில் நிற்கும்போதே, நாலு பேரும் போனை ஃப்ளைட் மோடில் போட்டோம். விமானத்தில் போடச் சொல்வார்களே, அதே விமானப் படம் போட்ட பொத்தான்தான். அதைப் போட்டுவிட்டால் போன் எந்த டவரையும் தேடாது; டவரால் வரும் செலவும் வராது. அதற்கப்புறம் வைஃபை பொத்தானை மட்டும் தனியாகப் போட்டுக்கொள்ளலாம். ஃப்ளைட் மோடில் இருந்தாலும் வைஃபை வேலை செய்யும். இது நிறைய பேருக்குத் தெரிவதில்லை. ‘டேட்டா ரோமிங்’ என்பதை அணைத்தால் மட்டும் போதுமா என்று கேட்பீர்கள். போதாது. நெட் செலவு நிற்கும். ஆனால் யாராவது கூப்பிட்டு நாம் எடுத்தால் அதற்கும் கட்டணம் உண்டு. கூப்பிடுகிறவருக்கு மட்டும்தான் காசு என்கிற நம் ஊர் வழக்கம் அங்கே செல்லாது. அதனால் இரண்டையும் செய்துவிடுவது உத்தமம்.

கப்பலின் வைஃபை இலவசம் இல்லை. ஒரு நாளைக்கு, ஒரு போனுக்கு இவ்வளவு என்று டாலரில் கணக்கு. நாலு பேருக்கும் நாலு நாளைக்கும் வாங்கினால் கட்டுப்படியாகாது. மகன் ஒரே ஒரு கனெக்ஷன் மட்டும், அதுவும் கப்பல் ஏறும் முன்பே வாங்கினான். ஏறிய பிறகு வாங்குவதைவிட அது மலிவாக இருந்தது. ஒரு போனில் அதை மூடிவிட்டு இன்னொரு போனில் திறக்கலாம். ஒரு நேரத்தில் ஒருவர்தான். கூட்டுக் குடும்பத்தில் ஒரே குளியலறை மாதிரி என்று வைத்துக்கொள்ளுங்கள்! எங்கள் கப்பலில் கம்பெனியின் ஆப்பை மட்டும் காசில்லாமல் பார்க்க முடிந்தது. இன்றைக்குச் சாப்பாடு என்ன, எத்தனை மணிக்கு என்ன நிகழ்ச்சி என்பதெல்லாம் அதிலேயே தெரிந்தது. கேபினிலிருந்து கேபினுக்குப் பேச அறையில் இருக்கும் போனே போதும். அதற்கு எங்களிடம் காசு வாங்கவில்லை. ஆனால் அதே போனில் வெளியூருக்குப் பேசினால் கட்டணம் பலமாக இருக்கும். அறையில் இருக்கும் சீட்டைப் படிக்காமல் வெளியூர் நம்பரை அழுத்தாதீர்கள்.

கப்பலில் நெட் என்றால் ஆமை வேகம் என்று முன்பெல்லாம் சொல்வார்களாம். பழைய செயற்கைக்கோள்கள் பூமியிலிருந்து சுமார் 36,000 கிலோமீட்டர் உயரத்தில் நிற்கின்றன. நாம் சொன்னது அவ்வளவு தூரம் ஏறி இறங்கி, எதிராளி பதில் சொல்லி, அதுவும் ஏறி இறங்க வேண்டும். இப்போது ஸ்டார்லிங்க் என்று சுமார் 550 கிலோமீட்டர் உயரத்திலேயே சுற்றும் செயற்கைக்கோள்கள் வந்துவிட்டன. ராயல் கரீபியன் கம்பெனி தன் கப்பல்களில் அதை வைக்கப்போவதாக 2022-இல் அறிவித்தது. அதற்கப்புறம் மற்ற பல கம்பெனிகளும் வைத்தன. அதனால் இன்று பல கப்பல்களில் வாட்ஸ்அப்பில் பேசுவது கஷ்டமில்லை. ஆனால் வாங்கும்போதே, ‘இந்தக் கனெக்ஷனில் பேச முடியுமா, சேதி அனுப்ப மட்டும்தானா?’ என்று கேட்டு வாங்குங்கள். மலிவான திட்டம் சிலவற்றில் பேச்சு வராது.

இதெல்லாம் எங்கள் பக்கத்து ஏற்பாடு. வீட்டுப் பக்கம்? அதற்குத்தான் நான் அதிகம் மெனக்கெட்டேன்.

முதலில் அம்மா. புறப்படுவதற்கு இரண்டு நாள் முன்பு, என் போனை ஃப்ளைட் மோடில் போட்டுவிட்டு, அம்மாவை ஒன்றாம் நம்பரை அழுத்தச் சொன்னேன். ‘நீங்கள் அழைக்கும் நபரைத் தொடர்பு கொள்ள இயலவில்லை’ என்கிற மாதிரி ஒரு பெண் குரல் சொன்னது.

“என்னடி இது, யாரோ பேசறா?”

“அம்மா, கப்பல்ல இருக்கற நாலு நாளும் இவதான் பேசுவா. நான் நல்லா இருக்கேன்னு அர்த்தம். பயப்படக் கூடாது. என்கிட்ட ஏதாவது சொல்லணும்னா உன் மருமகள்கிட்ட சொல்லு. அவ எனக்கு அனுப்புவா.”

“அப்ப இவ பேசினா நீ சௌக்கியம்னு வச்சுக்கணும்?”

“ஆமாம்மா.”

இரண்டு மூன்று தரம் அழுத்திக் கேட்டுப் பழகிக்கொண்டாள். சிரிப்பாக இருக்கலாம். ஆனால் வயசானவர்களுக்கு முன்கூட்டிச் சொல்லாமல் போனை அணைத்துவிட்டால், அந்தப் பெண் குரலைக் கேட்டதும் என்னவோ ஏதோ என்று ரத்த அழுத்தம் ஏறிவிடும். 

இரண்டாவது, நேரம். சிங்கப்பூர் கடிகாரம் நம்மைவிட இரண்டரை மணி நேரம் முன்னால் ஓடும். தாய்லாந்து ஒன்றரை மணி நேரம்தான். போன் ஃப்ளைட் மோடில் இருந்தால் அது தானாக நேரம் மாற்றிக்கொள்ளாமல் போகலாம். எங்கள் கப்பலில் கடைசிவரை சிங்கப்பூர் நேரத்தையே ‘கப்பல் நேரம்’ என்று வைத்திருந்தார்கள். நான் ஒரு கைக்கடிகாரத்தைக் கப்பல் நேரத்துக்குத் திருப்பிக் கட்டிக்கொண்டேன். கப்பல் நேரம் காலை 9.30, பிற்பகல் 3.30, இரவு 9.30 – இந்த மூன்று வேளையும் கனெக்ஷன் என் போனில்தான் இருக்கும் என்று மகனிடமும் மருமகளிடமும் சொல்லிவிட்டேன். கும்பகோணத்தில் அது காலை 7, பிற்பகல் 1, இரவு 7. அம்மாவுக்குச் சர்க்கரை பார்த்து முடித்திருக்கும் நேரங்கள்.

மூன்றாவது, அவசரம். கப்பலின் பெயர், எங்கள் கேபின் நம்பர், கப்பல் கம்பெனியின் தொலைபேசி எண், எந்தெந்த நாள் எந்த ஊர் – இவ்வளவையும் பெரிய எழுத்தில் எழுதித் தம்பி வீட்டுப் பிரிட்ஜில் ஒட்டச் சொன்னேன். உயிர் போகும் அவசரம் என்றால் கம்பெனிக்குப் போன் செய்து பெயரையும் கேபின் நம்பரையும் சொன்னால், கப்பலில் நம்மைத் தேடி வந்து சொல்ல வழி உண்டு. 

நான்காவதுதான் முக்கியம். தம்பி மனைவியைத் தனியாகக் கூப்பிட்டு ஒரு சத்தியம் வாங்கினேன். நம் குடும்பங்களில் ஒரு வழக்கம் உண்டே! ஊருக்குப் போனவர்களிடம் கெட்ட சேதியைச் சொல்லக் கூடாது. ‘போன இடத்தில சந்தோஷமா இருக்கட்டும், வந்ததும் சொல்லிக்கலாம்.’ நல்ல எண்ணம்தான். ஆனால் அப்படி மறைப்பார்கள் என்று தெரிந்தால், ‘எல்லாரும் சௌக்கியம்’ என்று அவர்கள் சொல்லும்போது எப்படி நம்புவது? “நீ எது நடந்தாலும் உள்ளதை உள்ளபடி எழுதணும். அப்பத்தான் நீ ஒண்ணும் எழுதாத நேரம் நான் நிம்மதியா இருப்பேன்” என்றேன். “சரிக்கா” என்றாள்.

முதல் மூன்று நாள் எல்லாம் சுகமாகப் போயிற்று. மலாக்கா ஜலசந்தியில் ஒரு பக்கம் மலேசியா, மறுபக்கம் இந்தோனேசியா. பினாங்கில் கப்பல் ஊருக்குப் பக்கத்திலேயே நின்றது. நடந்தே போய்ச் சேரும் தூரத்தில் லிட்டில் இந்தியா. பூக்கடை, புடவைக்கடை, தமிழ்ப் பாட்டு! 1833-இல் கட்டிய மகா மாரியம்மன் கோயில் அங்கே இருக்கிறது. அர்ச்சனை செய்துவிட்டு வந்து, ஒரு கடையில் டீ குடித்தபடி அவர்களுடைய வைஃபையில் அம்மாவுக்கு வீடியோவில் கோபுரத்தைக் காட்டினேன். கரையில் இறங்கும் ஊர்களில் இப்படிச் செய்யலாம். அதிக நேரம் தங்குவதானால் பாஸ்போர்ட்டைக் காட்டி அந்த ஊர் சிம் வாங்கலாம். அல்லது சிம் கார்டே இல்லாமல் போனிலேயே போட்டுக்கொள்ளும் இ-சிம் வாங்கலாம். ஆனால் இவையெல்லாம் கரைக்குத்தான். கப்பல் ஏறியதும் மறுபடி ஃப்ளைட் மோட். என் மருமகள் ஏணிப்படி ஏறும்போதே எல்லார் போனையும் வாங்கிப் பார்த்துவிடுவாள், பள்ளிக்கூடத்தில் நகம் பார்க்கிற டீச்சர் மாதிரி.

நான்காம் நாள் முழுக்கக் கடல். கரையே இல்லை. பேரனைத் தூங்க வைத்துவிட்டு 3.30-க்கு வழக்கம்போல் போனைத் திறந்தேன். தம்பி மனைவியிடமிருந்து மூன்று சேதி.

முதலாவது, நம் நேரம் 12.10: ‘அக்கா, அம்மாவுக்குத் திடீர்னு வேர்த்துக் கொட்டுது, கை நடுங்குது, பேச்சு குழறுது. சுகர் பார்த்தேன், 54. சர்க்கரைத் தண்ணி குடுத்திருக்கேன்.’

இரண்டாவது, 12.27: ‘இப்ப 66. மறுபடி குடுத்தேன்.’

மூன்றாவது, 12.45: ‘இப்ப 98. தயிர்சாதம் சாப்பிட்டாங்க. தெளிவா பேசறாங்க. டாக்டருக்குப் போன் பண்ணிட்டேன். சாயந்திரம் கூட்டிட்டு வரச் சொன்னார். பயப்படாதீங்க.’

படித்து முடிக்கும்போது என் கை நடுங்கியது. அன்றைக்குக் கிருத்திகையாம். அம்மா காலையில் வழக்கம்போல் ஊசியைப் போட்டுக்கொண்டு, ‘மருமகள் பார்த்தால் சத்தம் போடுவாள்’ என்று தட்டில் வைத்த இட்லியைக் காக்காய்க்குப் போட்டுவிட்டு விரதம் இருந்திருக்கிறாள்! ஊசி மருந்து உள்ளே போய்ச் சர்க்கரையை இறக்கும். சாப்பாடு போகாவிட்டால் அது எங்கே போய் நிற்கும்?

வாட்ஸ்அப்பில் உடனே கூப்பிட்டேன். மணி அடித்ததும் அவளே எடுத்து, பேசாமல் போனை அம்மாவிடம் கொடுத்தாள்.

“கப்பல்லேர்ந்தா பேசறே? எவ்வளவு காசு ஆகும்! வைடி முதல்ல.”

“காசு ஆகாதும்மா. இது தனி ஏற்பாடு. ஏம்மா சாப்பிடல?”

“முருகனுக்கு ஒரு வேளைதானே...”

“முருகன் கேட்டாராம்மா, ஊசியும் போட்டுக்கோ, விரதமும் இருன்னு?”

அந்தப் பக்கம் சத்தமில்லை. அப்புறம், “இனிமே மாட்டேன்” என்றாள், சின்னப் பிள்ளை மாதிரி. காசு கவலை இல்லாமல் இருபது நிமிஷம் பேசினோம். என் கணவர் பக்கத்தில் வந்து உட்கார்ந்து, அவரும் பேசினார். கடலுக்குள் போன் எதற்கு என்று கேட்டவர் அவர்தான்!

பின்னால் தெரிந்தது. ‘அக்காகிட்ட சொல்லாதே, நடுக்கடல்ல அவ என்ன பண்ணப் போறா’ என்று தம்பி தடுத்திருக்கிறான். இவள், ‘வாக்குக் குடுத்திருக்கேன்’ என்று சொல்லி எழுதிவிட்டாள். தம்பி சொன்னதும் நியாயம்தான். நடுக்கடலில் நான் ஒன்றும் செய்திருக்க முடியாது. ஆனாலும் மூன்று சேதியையும் வரிசையாகப் படித்ததனால்தான், அன்றைக்கு இரவு 9.30-க்கு, ‘டாக்டர் பார்த்தார், சரியாயிட்டாங்க’ என்று அவள் எழுதியபோது என்னால் அதை அப்படியே நம்பிப் படுக்க முடிந்தது.

வீட்டில் இன்சுலின் போடும் பெரியவர்கள் இருக்கும் சகோதரிகளுக்காக ஒரு வார்த்தை. வேர்வை, நடுக்கம், குழப்பம், படபடப்பு வந்தால் உடனே சர்க்கரை பாருங்கள். 70-க்குக் கீழே என்றால் மூன்று டீஸ்பூன் சர்க்கரை, சுமார் 15 கிராம், தண்ணீரில் கரைத்துக் கொடுங்கள். 15 நிமிஷம் கழித்து மறுபடி பாருங்கள். ஏறாவிட்டால் இன்னொரு தரம் கொடுங்கள். ஏறியதும் சாப்பிட வையுங்கள். நினைவில்லாமல் போய்விட்டால் வாயில் ஒன்றும் ஊற்றக் கூடாது, புரையேறிவிடும். 108-க்குப் போன் செய்யுங்கள். விரதம் இருக்க ஆசைப்பட்டால், ஊசி அளவைப் பற்றி முதல் நாளே டாக்டரைக் கேட்க வேண்டும். என் தம்பி மனைவிக்கு இதெல்லாம் தெரிந்திருந்தது எங்கள் புண்ணியம்.

கப்பலுக்குப் புறப்படும் முன் செய்ய வேண்டியவற்றை என் டைரியிலிருந்து எழுதி விடுகிறேன். வெட்டி வைத்துக்கொள்ளுங்கள்.

1. உங்கள் போன் கம்பெனியைக் கூப்பிட்டு, ‘என் பேக் கப்பலில் செல்லுமா?’ என்று நேராகக் கேளுங்கள். நாட்டின் பெயரை மட்டும் கேட்டால் போதாது. கப்பலுக்கென்று தனி பேக் வைத்திருக்கும் கம்பெனிகளும் உண்டு. விலை கேட்டு முடிவு செய்யுங்கள்.

2. போஸ்ட்பெய்டு என்றால் கூடுதல் ஜாக்கிரதை. ப்ரீபெய்டில் இருக்கும் காசு தீர்ந்தால் நின்றுவிடும். போஸ்ட்பெய்டில் பில் ஏறிக்கொண்டே போகும்.

3. அழைப்பை வேறு நம்பருக்குத் திருப்பிவிடும் ஏற்பாடு இருந்தால் ##002# அழுத்தி நீக்கிவிடுங்கள். ரோமிங்கில் அதற்கும் கட்டணம் விழலாம்.

4. ஃப்ளைட் மோடில் பாங்கிலிருந்து எஸ்.எம்.எஸ்.ஸில் வரும் ஓ.டி.பி. வராது. கரண்ட் பில், காஸ், இன்ஷூரன்ஸ் எல்லாவற்றையும் புறப்படும் முன்பே கட்டிவிடுங்கள்.

5. கைக்குழந்தை, சின்னப் பிள்ளைகள் உள்ளவர்கள் பாட்டு, கார்ட்டூன் கதைகளை வீட்டு நெட்டிலேயே போனில் இறக்கி வைத்துக்கொள்ளுங்கள். பிள்ளைகளின் டாப்லெட்டையும் ஃப்ளைட் மோடில் போட மறக்காதீர்கள். அதிலும் சிம் கார்டு இருக்கலாம்!

6. படங்கள் தானாக மேலே ஏறுவதையும், ஆப்புகள் தானாகப் புதுப்பித்துக்கொள்வதையும் அணைத்து வையுங்கள். கப்பல் வைஃபையும் அப்போது வேகமாக இருக்கும்.

7. கப்பல் பெயர், கேபின் நம்பர், கம்பெனி எண் – வீட்டில் ஒட்டிவைக்க ஒரு காகிதம். என்னதான் போன் வந்தாலும் காகிதத்துக்கு சார்ஜ் தீராது.

8. தினம் பேசும் நேரத்தை இரு பக்கமும் எழுதி வைத்துக்கொள்ளுங்கள், நம் நேரத்திலும் கப்பல் நேரத்திலும்.

ஊர் திரும்பியபின் அந்த மாதத்து போன் பில்லை என் கணவர் இரண்டு தரம் பார்த்தார். வழக்கமான தொகைதான். அதில் மிச்சமானதோடு கொஞ்சம் சேர்த்து, தம்பி மனைவிக்கு ஒரு பட்டுப் புடவை எடுத்துக் கொடுத்தேன். “எதுக்குக்கா இதெல்லாம்?” என்று கூச்சப்பட்டாள். உள்ளதை உள்ளபடி எழுதியதற்கு என்றேன். அம்மா இப்போதும் கிருத்திகைக்கு விரதம் இருக்கத்தான் இருக்கிறாள். ஆனால் டாக்டரைக் கேட்டுக்கொண்டு, பாலும் பழமும் சாப்பிட்டு.